ஒத்திகையில் இடம்பெறாத காட்சி

பெறுநர்: ஐக்கிய நாடுகள் சபையின் அமைதி நடவடிக்கைகள் துறையில் பயிற்சிக்குப் பொறுப்பானவர்கள், அமைதிப் பணிக்குப் படை அனுப்பும் நாடுகளின் இராணுவப் பயிற்சி நிலையத் தலைவர்கள்

மதிப்புக்குரியீர்,

வணக்கம். நீலத் தலைக்கவசத்தோடு வெளிநாடு செல்லவிருக்கும் படைப்பிரிவுகளுக்குப் புறப்பாட்டுக்கு முன் நீங்கள் நடத்தும் களப்பயிற்சிகளைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். நான் படைவீரன் அல்லன். அமைதிப் பணிகள் தொடர்பான விசாரணை அறிக்கைகளைப் பல ஆண்டுகளாக வாசித்துவரும் ஒரு குடிமகன் மட்டுமே. அந்த வாசிப்பில் ஒரு கேள்வி என்னை விடாமல் உறுத்துகிறது. எல்லாம் நிஜத்தைப் போலவே இருக்க வேண்டும் என்று இவ்வளவு உழைப்பையும் பணத்தையும் செலவிட்டு நீங்கள் அமைக்கும் ஒத்திகைகளில், அமைதிப் பணிகளைத் திரும்பத் திரும்பத் தலைகுனிய வைத்த அந்த ஒரு நிஜம், காக்கப் போன படையினரே இழைக்கும் கொடுமை, மட்டும் ஏன் வகுப்பறையைத் தாண்டிக் களத்துக்கு வருவதில்லை?

ஒத்திகைகளின் தோற்றம் இன்று எல்லோரும் அறிந்ததே. பலகையும் தகரமும் கொண்டு எழுப்பிய ஒரு போலிக் கிராமம், அதன் சந்தியில் கூடிநின்று கூச்சலிடும் வேடதாரிகள், வழிமறிக்கும் ஆயுதக் குழு, சாலையோரத்தில் புதைத்துவைத்த வெடிகுண்டின் மாதிரி, உடலில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு அலறும் தாய், நடந்ததைக் கேட்டு மைக்கை நீட்டும் போலிச் செய்தியாளர். 1995ஆம் ஆண்டின் இறுதியில் பொஸ்னியாவுக்குப் புறப்படவிருந்த அமெரிக்கப் படைகள் ஜெர்மனியின் ஹோஹென்ஃபெல்ஸ் பயிற்சித் தளத்தில் இத்தகைய கிராமங்களில்தான் பழகின. பல நாட்டுப் படைகள் மங்கோலியாவில் கூடும் ‘கான் குவெஸ்ட்’ பயிற்சியிலும் ஏறக்குறைய இதே சாயல்தான்.

இந்தக் கடுமையை நான் குறைசொல்ல வரவில்லை. அது இரத்தம் சிந்திக் கற்ற பாடம். 1994 ஏப்ரல் 7 அன்று கிகாலியில் ருவாண்டாப் பிரதமருக்குக் காவல் நின்ற பெல்ஜியப் படைவீரர்கள் பத்துப் பேர் ஆயுதங்களை ஒப்படைத்த பின் கொல்லப்பட்டார்கள். 1995 மே மாதம் பொஸ்னியாவில் ஏறத்தாழ 400 அமைதி காப்பாளர்கள் பணயக் கைதிகளாகப் பிடிக்கப்பட்டனர். அவர்களில் சிலர் ஆயுதக் கிடங்குகளின் அருகே விலங்கிட்டுக் கட்டப்பட்டிருந்ததை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. 2000 மே மாதம் சியரா லியோனில் சுமார் 500 பேருக்கு அதே கதி நேர்ந்தது. 2013 முதல் 2023 வரை மாலியில் இயங்கிய பணியில் 300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிரேசிலின் ஓய்வுபெற்ற ஜெனரல் சான்டோஸ் க்ரூஸ் 2017இல் அளித்த அறிக்கை, நீலக் கவசமும் ஐ.நா. கொடியும் இனித் தாமாகவே எவரையும் காக்கமாட்டா என்று வெளிப்படையாகச் சொன்னது. ஆகவே, பதுங்கித் தாக்குவோரையும் பணயக் கைதிகளையும் கலவரக் கூட்டத்தையும் ஒத்திகையில் கொண்டுவராமல் ஓர் இளம் சிப்பாயை அனுப்பிவைப்பது அவனுக்குச் செய்யும் அநீதி என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

ஆனால் நிஜத்தன்மை என்பது இருபுறமும் வெட்டும் கத்தி. ஜெர்மனியின் ஹாமெல்பர்க் நகரில் நடந்ததை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பொஸ்னியப் பணிக்கான பயிற்சிக்காக 1996இல் அங்கே வந்திருந்த சிப்பாய்கள் சிலர், பயிற்சித் திடலிலேயே தங்களுக்குள் மரணதண்டனைக் காட்சிகளையும் வன்புணர்வுக் காட்சிகளையும் நடித்து, அதை வீடியோவில் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு ஒரு தனியார் தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியபோது நாடே அதிர்ந்தது. அது அதிகாரபூர்வப் பயிற்சியின் பகுதி அன்று. சிப்பாய்கள் விளையாட்டாகச் செய்தது என்பதே அன்று கிடைத்த விளக்கம். அந்த விளக்கத்தை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன், ஏனெனில் என் கவலையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. எந்தப் போரின் கொடுமைகளிலிருந்து மக்களைக் காக்க அவர்கள் பயிற்றுவிக்கப்பட்டார்களோ, அந்தக் கொடுமைகள் அவர்களின் ஓய்வுநேரக் கேளிக்கைக்குக் கச்சாப்பொருளாயின. நாள் முழுவதும் வன்முறையை ஒத்திகை பார்த்தவர்களுக்கு, மாலையில் அந்த வேடத்தை எப்படிக் கழற்றிவைப்பது என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே நாட்டின் கோஸ்ஃபெல்ட் படைமுகாமில் நடந்தது இன்னும் நேரடியானது. 2004இல் அங்கே அடிப்படைப் பயிற்சியில் இருந்த புதியவர்களை, இரவு அணிவகுப்பின் நடுவே பயிற்றுநர்கள் ‘கடத்தினார்கள்’. கைகளைக் கட்டி, தண்ணீரைப் பீய்ச்சி, களத் தொலைபேசிக் கருவியால் சிலருக்கு மின்னதிர்ச்சியும் கொடுத்தார்கள். வெளிநாட்டுப் பணிக்குச் செல்வோருக்குத் தரப்படும் பணயக் கைதிப் பயிற்சியின் போலி வடிவம் அது. வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் நிலையிலேயே இல்லாத புதியவர்கள் மீது அது பிரயோகிக்கப்பட்டது. வழக்கு 2007இல் மூன்ஸ்டர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. சட்டம் அதைத் தன் போக்கில் எடைபோட்டது. பயிற்சித் தலைவர்களாகிய நீங்கள் எடைபோட வேண்டியது வேறொன்று: கட்டுண்டு கிடப்பவனைத் துன்புறுத்தலாம் என்பதை அந்த இரவில் அந்த இளைஞர்கள் தங்கள் மேலதிகாரிகளிடமிருந்தே கற்றார்கள். கைதியை எப்படி நடத்த வேண்டும் என்று பின்னர் வகுப்பில் எத்தனை படங்கள் காட்டினாலும், அந்த இரவின் பாடத்தை அழிக்க முடியாது.

கட்டுண்டு கிடந்த இன்னொருவனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1993 மார்ச் 16 அன்று இரவு, சோமாலியாவின் பெலெத்வெய்ன் நகரில் கனடிய வான்வழிப் படைப்பிரிவின் முகாமருகே பிடிபட்ட ஷிடேன் அரோன் என்ற 16 வயதுச் சிறுவன், அந்த முகாமுக்குள்ளேயே அடித்துக் கொல்லப்பட்டான். அடித்தவர்கள் அவனோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குச் சில நாள் முன்பு, மார்ச் 4 அன்று, உணவையும் தண்ணீரையும் தூண்டிற்புழுவாக வைத்துக் காத்திருந்த படைவீரர்கள் சுட்டதில் சோமாலியர் ஒருவர் இறந்தார், இன்னொருவர் காயமடைந்தார். அந்தப் படை அப்போது ஐ.நா.வின் நேரடிக் கட்டளையில் இருக்கவில்லை. அமெரிக்கா தலைமையேற்ற கூட்டுப்படையின் அங்கமாகவே சென்றிருந்தது. முதலில் ஐ.நா. அமைதிப் பணி என்று திட்டமிடப்பட்ட அந்தப் பயணம் கடைசி நேரத்தில் வேறு இடத்துக்கு, வேறு அதிகாரத்தோடு மாற்றப்பட்டது. படைப்பலத்தை எப்போது பயன்படுத்தலாம் என்ற விதிகளே பலருக்குத் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. 1995இல் அந்தப் படைப்பிரிவு கலைக்கப்பட்டது. 1997இல், அரசால் பாதியில் முடித்துக்கொள்ளச் சொல்லப்பட்ட நிலையிலும் விசாரணை ஆணையம் தந்த அறிக்கை, பொதுவான போர்த்திறன்களில் காட்டிய அக்கறை, போகவிருந்த ஊரையும் அங்குள்ள மக்களையும் பணியின் இயல்பையும் குறித்த பயிற்சியில் காட்டப்படவில்லை என்று கண்டது.

அந்தச் சம்பவத்தில் என்னைத் தூங்கவிடாத செய்தி கொலையைப் பற்றியது அன்று, கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பற்றியது. அந்தச் சிறுவனின் அலறல் முகாமில் பலர் காதில் விழுந்தது. சிலர் உள்ளே வந்து பார்த்துவிட்டும் போனார்கள். அவர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. பகைவன் திடீரென்று சுட்டால் எந்தப் பக்கம் உருள வேண்டும், எந்தச் சொல்லைக் கத்த வேண்டும் என்று அவர்களின் உடலுக்கே தெரியும். நூறு முறை பழகியிருக்கிறார்கள். பக்கத்துப் படுக்கையில் தூங்குகிறவன், நேற்றுத் தன் உயிரைக் காத்திருக்கக்கூடியவன், ஒரு சிறுவனை அடித்துக்கொண்டிருக்கும்போது எந்தச் சொல்லைக் கத்த வேண்டும் என்று அவர்கள் ஒருமுறைகூடப் பழகியதில்லை.

ஒத்திகையில் இடம்பெறாத காட்சி என்று நான் சொல்வது இதைத்தான். உங்கள் போலிக் கிராமத்தில் ஆபத்து எப்போதும் வேலிக்கு வெளியிலிருந்தே வருகிறது. அமைதிப் பணிகளின் மானத்தை வாங்கிய ஆபத்தோ பெரும்பாலும் வேலிக்கு உள்ளே இருந்தது. அதுவும் துப்பாக்கிச் சண்டையின் நடுவே இல்லை, பிற்பகல் வெயிலில், ஒன்றுமே நடக்காத ஆறாவது மாதத்தில், முகாம் வாயிலில்.

ஹெய்ட்டியிலிருந்து 2007இல் இலங்கைப் படையினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டலே காரணம். அவர்களில் ஒருவரும் சிறைக்குச் செல்லவில்லை என்று பத்தாண்டுகளுக்குப் பின் அசோசியேட்டட் பிரஸ் தன் விசாரணைச் செய்தியில் எழுதியது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கியில், விமான நிலையத்தை ஒட்டிய அகதி முகாமில், கொஞ்சம் உணவுக்காகச் சிறுவர்கள் படைவீரர்களால் சீரழிக்கப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு 2014இல் பதிவானது. அந்தப் படையினர் ஐ.நா. கட்டளைக்கு வெளியே இருந்த பிரெஞ்சுப் படையினர். அதை ஐ.நா. அமைப்புகள் கையாண்ட விதத்தை ஆராய்ந்த சுயேச்சைக் குழு, 2015 டிசம்பரில், நிறுவனத்தின் படுமோசமான தோல்வி என்றே அதைக் குறித்தது. பிரான்சில் நடந்த வழக்கு 2018இல் போதிய சான்றில்லை என்று கைவிடப்பட்டது. இவற்றில் எந்த இடத்திலும் பகைவர் குண்டு வெடிக்கவில்லை. பசித்தவர் ஒருபுறமும் ரொட்டி வைத்திருந்தவர் மறுபுறமும் நின்றார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 2003ஆம் ஆண்டின் பொதுச்செயலாளர் சுற்றறிக்கை, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருடன் உறவு கூடாது என்றும், பணமோ வேலையோ பொருளோ தந்து பாலுறவு பெறுவது குற்றம் என்றும் ஐயத்துக்கு இடமின்றி விதித்தது. புறப்பாட்டுக்கு முந்தைய பயிற்சிக்கான அடிப்படைப் பாடங்களை ஐ.நா. எழுதித் தருகிறது, அவற்றில் நடத்தையும் ஒழுங்கும் தனிப்பாடமாக உள்ளன, விவாதிக்கச் சூழல்களும் தரப்பட்டுள்ளன. சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ‘சாக்குப்போக்குக்கு இடமில்லை’ என்ற பொருள்படும் அட்டையும் வழங்கப்படுகிறது. ஆனால் பயிற்சியை நடத்துவதும், நடத்திவிட்டோம் என்று சான்றளிப்பதும் படை அனுப்பும் நாடே. ஒழுங்குப் பாடம் குளிரூட்டிய அறையில், மதிய உணவுக்குப் பின், படக்காட்சியாக முடிகிறது. பதுங்கித் தாக்குதலுக்கு மட்டும் புகையும் சத்தமும் வியர்வையும். இரண்டில் எது முக்கியம் என்று தலைமை நினைக்கிறது என்பதைச் சிப்பாய் பாடத்தின் உள்ளடக்கத்திலிருந்து அறிவதில்லை. அதற்கு ஒதுக்கிய நேரத்திலிருந்தும் வெடிமருந்திலிருந்தும் அறிகிறான். காதால் கேட்டது கப்பல் ஏறும்போதே பாதி கழன்றுவிடும். கைப்பழக்கம் கூடவே போகும்.

படைகளின் நடத்தை பற்றித் திறந்த மடல் எழுதுவதும் புதிதில்லை. 1992இல் கம்போடியாவில் இயங்கிய ஐ.நா. பணியின் தலைவருக்கு, நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு, அமைதிப் படையினர் பெண்களிடம் நடந்துகொள்ளும் முறையைக் கண்டித்து இப்படியொரு மடல் எழுதினார்கள். இளைஞர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்ற தொனியில் தலைமை பதிலளித்ததாக அன்றைய பதிவுகள் சொல்கின்றன. படையினருக்குப் போன அறிவுரையோ இன்னும் கூர்மையான சான்று: பாலியல் தொழில் விடுதிகளுக்குச் சீருடையோடு போகாதீர்கள், ஐ.நா.வின் வெள்ளை வாகனங்களை அவற்றின் வாசலில் நிறுத்தாதீர்கள். அதுவும் ஒரு பயிற்சிதானே. மறைக்கக் கற்றுக்கொடுத்த பயிற்சி.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். அந்தக் காட்சியை ஒத்திகைக்குள் கொண்டுவாருங்கள். நான்கு நாள் களப்பயிற்சியின் மூன்றாம் நாள், எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், முகாம் வாயிலில் ஒரு சிறுமியின் வேடமேற்ற பெண் வந்து நிற்கட்டும். காவலில் இருக்கும் ஒருவருக்கு மட்டும் இரகசியமாகச் சொல்லிவைத்து, அவர் உணவுப் பொட்டலத்தைக் காட்டி அவளை அரணுக்குப் பின்னால் அழைக்கட்டும். அந்த நொடியில் மற்ற இருவர் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். சிரிக்கிறார்களா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களா, “நிறுத்து” என்று சொல்கிறார்களா? சொன்னபின் அந்தக் காவலர் “உனக்கென்ன, வாயை மூடு” என்று பதில் தரும்படியும் ஏற்பாடு செய்யுங்கள். ஏனெனில் களத்தில் அப்படித்தான் பதில் வரும். அதற்கு அடுத்த அரைமணி நேரம்தான் இந்த ஒத்திகையின் உயிர். செய்தி யாரிடம் போகிறது? பிரிவுத் தலைவர் அதைக் குறிப்பேட்டில் எழுதுகிறாரா, அல்லது நம் வீட்டுக்குள் முடித்துக்கொள்வோம் என்று தோளில் தட்டுகிறாரா? அந்தச் சிறுமி எங்கே இருக்கிறாள், அவளிடம் யார் பேசுகிறார்கள், எந்த மொழியில்? சாட்சிகள் ஒருவரோடொருவர் பேசிக் கதையை ஒழுங்குபடுத்திக்கொள்வதற்கு முன் பிரித்து வைக்கப்படுகிறார்களா?

இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் வழக்குகள் சரிவது பெரும்பாலும் இங்கேதான். அமைதிப் பணியிலுள்ள படைவீரர் செய்யும் குற்றத்தை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் அவரது சொந்த நாட்டுக்கே உரியது, ஐ.நா.வுக்கு இல்லை, அவர் சென்ற நாட்டுக்கும் இல்லை. குற்றவாளி ஒரு கண்டத்தில், பாதிக்கப்பட்டவர் இன்னொன்றில், சான்றுகள் எங்கேயோ. ஜோர்டான் இளவரசர் ஸெய்த் 2005இல் பொதுச்செயலாளருக்காகத் தயாரித்த அறிக்கை, இராணுவ நீதிமன்றம் குற்றம் நடந்த மண்ணிலேயே கூட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2016இல் பாதுகாப்புச் சபையின் 2272ஆம் தீர்மானம், பாலியல் சுரண்டல் பரவலாகவோ அமைப்புரீதியாகவோ நடந்ததற்கு நம்பத்தகுந்த சான்று இருந்தால் படைப்பிரிவையே திருப்பியனுப்ப வழிசெய்தது; 2021இல் காபோன் நாட்டின் படைப்பிரிவு மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலிருந்து அப்படித்தான் விலக்கப்பட்டது. திருப்பியனுப்புவது பணியின் பெயரைக் காக்கலாம், பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு நீதி தராது. முதல் இரவில் ஒரு லெப்டினன்ட் எதை எழுதினார், எதைப் பாதுகாத்தார் என்பதைப் பொறுத்தே பின்னர் ஒரு நீதிபதியால் எதையும் செய்ய முடியும். அந்த முதல் இரவை உங்கள் அதிகாரிகள் ஒருமுறையேனும் ஒத்திகை பார்த்திருக்கிறார்களா?

வேடமேற்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. போலிக் கிராமத்தில் கூச்சலிட்டும் அழுதும் நடிப்பவர்கள் பயிற்சி முடிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பயிற்சிக்குப் பின் நடக்கும் மதிப்பீட்டுக் கூட்டத்தில் அதிகாரிகள் அதிகாரிகளோடு பேசுகிறார்கள். சோதனைச் சாவடியில் தன்னை எப்படித் தொட்டுச் சோதித்தார்கள், எந்தக் குரலில் அதட்டினார்கள், மொழிபெயர்ப்பாளர் தன் சொல்லை எவ்வளவு சுருக்கினார் என்பதெல்லாம் அந்த வேடதாரிக்குத்தான் தெரியும். அவர்களை அந்த மேசையில் உட்காரவையுங்கள். இயன்றால் அந்தந்த நாட்டிலிருந்து புலம்பெயர்ந்தவர்களையே அழைத்து வாருங்கள். தாங்கள் பாவனைப் பொருள்களோடு பழகவில்லை, மனிதர்களோடு பழகினோம் என்பது சிப்பாய்களுக்கு அந்த மேசையில் உறைக்கும்.

கோஸ்ஃபெல்ட் திரும்ப நிகழாதிருக்க, கடுமைக்கு எழுத்தில் ஓர் எல்லையும், பயிற்றுநருக்கு மேல் ஒரு கண்ணும், யார் சொன்னாலும் உடனே எல்லாம் நிற்கும் ஒரு சொல்லும் வேண்டும் என்பதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. இத்தகைய காட்சியை வைப்பது நம் வீரர்களை முன்கூட்டியே குற்றவாளிகளாகப் பார்ப்பதாகும், அவர்கள் மனம் நோகும் என்பார்கள் சிலர். தீயணைப்பு ஒத்திகை நடத்துவதால் அந்தக் கட்டடத்தில் இருப்பவர்களைத் தீவைப்பவர்கள் என்று யாரும் நினைப்பதில்லை. உண்மையில் இந்த ஒத்திகை கெட்டவனைத் திருத்துவதற்காக இல்லை. அவன் வேறு வழி கண்டுபிடிப்பான். நல்லவனின் நாவுக்குச் சொல் கொடுப்பதற்காகவே இது. படைப்பிரிவில் பெரும்பான்மையினர் அவர்கள்தான், பெலெத்வெய்ன் இரவில் மௌனமாக இருந்தவர்களும் அவர்கள்தான். நேரம் போதாது என்பது இன்னொரு வாதம். ஒவ்வொரு படைவீரருக்கும் மாதந்தோறும் 1,400 டாலருக்கு மேல் ஐ.நா. அவரது அரசுக்கு ஈடுசெய்கிறது. அரை நாள் கூடுதல் பயிற்சியை அந்தக் கணக்கு தாங்கும்.

நடத்தை என்றதும் பாலியல் குற்றம் ஒன்றையே நினைத்துக்கொள்வதும் போதாது. செய்யாமல் விடுவதும் நடத்தையே. 2010 முதல் 2013 வரை பொதுமக்கள் தாக்கப்பட்டதாகப் பதிவான 507 நிகழ்வுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மட்டுமே அமைதிப் பணிகள் உடனடியாக எதிர்வினையாற்றின என்று ஐ.நா.வின் உள்தணிக்கை அலுவலகம் 2014இல் கணக்கிட்டது. 2016 ஜூலையில் தென் சூடான் தலைநகர் ஜூபாவில், ஐ.நா. முகாமிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஒரு விடுதி தாக்கப்பட்டபோது உதவி கேட்டுப் போன அழைப்புகளுக்கு எவரும் போகவில்லை. அங்கிருந்த ஐ.நா. படைத்தளபதி அதன்பின் பதவி நீக்கப்பட்டார். ஹெய்ட்டியில் 2010இல் தொடங்கிய காலரா, மிரெபலே அருகிலிருந்த அமைதிப்படை முகாமின் கழிவுநீரோடு தொடர்புபடுத்தப்பட்டது. ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள், ஆறு ஆண்டுகளுக்குப் பின் பொதுச்செயலாளர் மன்னிப்புக் கேட்டார். முகாமின் கழிவறைக் குழாய் எந்த ஆற்றில் போய் முடிகிறது என்று நடந்துபோய்ப் பார்ப்பதும் நிஜத்துக்கு நெருக்கமான பயிற்சிதான்.

மறுபுறத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2013 டிசம்பரில் ஜூபாவில் கொலை தொடங்கியபோது, ஐ.நா. முகாம் கதவுகள் திறக்கப்பட்டு, ஓடிவந்த பல்லாயிரவர் உள்ளே விடப்பட்டார்கள். அவ்வளவு பேரை, அவ்வளவு காலம், வேலிக்குள் வைத்துக் காப்பதற்கு அந்தப் படையினரை யாரும் தயார்செய்து அனுப்பியிருக்கவில்லை. கதவைத் திறந்தவர்கள் சரியாகவே செய்தார்கள். தற்செயலாகக் கிடைத்த அந்தச் சரியையும் பழக்கமாக்கலாம் என்பதே என் நம்பிக்கை.

இதைத் தமிழில் எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. எங்கள் மொழியில் ‘அமைதிப்படை’ என்ற சொல் ஒரு தலைமுறையின் காதில் இன்றும் இயல்பாக ஒலிப்பதில்லை. 1987 ஜூலை இறுதியில் இந்திய இலங்கை ஒப்பந்தத்தின் பேரில் வந்திறங்கிய இந்திய அமைதி காக்கும் படை ஐ.நா. படை இல்லை, இரு நாடுகளுக்கிடையிலான ஏற்பாடு. மாலை போட்டு வரவேற்றவர்கள் உண்டு. அக்டோபருக்குள் அது போரிடும் படையாகிவிட்டது. அந்த மாதம் 21ஆம் தேதி யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் அது திரும்பியபோது தன் பங்குக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது. அரசியல் வழக்குகளை இங்கே நான் கிளறவில்லை. அமைதி காக்க என்று அழைத்துவரப்பட்ட சிப்பாய், எந்த நாளில் எதுவாக மாற வேண்டியிருக்கும் என்பதற்கு அவனும் தயாராக இல்லை, அவனை நம்பிய ஊரும் தயாராக இல்லை. ஒரு சொல் எப்படிக் கறைபடுகிறது என்பதை அறிந்த மொழியிலிருந்து வருவதால், உங்கள் பயிற்சி அட்டவணையை இவ்வளவு நுணுக்கமாக விசாரிக்கிறேன்.

கடைசியாக ஒன்று. பயிற்சி புறப்பாட்டோடு முடிந்துவிடக் கூடாது. வந்திறங்கிய வாரத்தில் எல்லோருக்கும் விதிகள் நினைவிருக்கும். அலுப்பும் தனிமையும் கையிலுள்ள அதிகாரமும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்குவது மாதங்கள் கழித்தே. ஸெய்த் அறிக்கையும் படையினரின் ஓய்வு, பொழுதுபோக்கு, வீட்டோடு தொடர்பு ஆகியவற்றைப் பொருட்படுத்தியே பேசியது. எனவே அதே வாயில் காட்சியைப் பணிக்காலத்தின் நடுவில், களத்திலேயே, வேறு வடிவத்தில் மீண்டும் நடத்துங்கள். பிரிவுத் தலைவரின் பணி மதிப்பீட்டில் அதன் முடிவும் பதிவாகட்டும்.

அடுத்து புறப்படவிருக்கும் படைப்பிரிவின் பயிற்சி அட்டவணையில் அந்த அரைமணி நேரத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளதா, அதில் எத்தனை பேர் “நிறுத்து” என்று சொன்னார்கள், சொன்னவர்களின் புகார் எத்தனை மணி நேரத்தில் எவர் மேசையை அடைந்தது என்பதைத் தாங்கள் பொதுவெளியில் அறியத்தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

இப்படிக்கு,
விசாரணை அறிக்கைகளை வாசித்துவரும் ஒரு குடிமகன்